அனுப்பிய மெயில் வந்து சேரலையா? கோளாறு உங்கள் டொமைனில் இருக்கலாம்!

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. ஜோஹோ மெயிலைத் திறக்க முயன்றவர்களுக்கு அன்று பெரும் தலைவலி. தளம் திறக்கவில்லை, மெயில் போகவில்லை, வரவும் இல்லை. இத்தனைக்கும் சென்னையைச் சேர்ந்த அந்த நிறுவனத்தின் சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. முடங்கியது 'ஜோஹோ டாட் காம்' என்ற பெயர் மட்டும்தான்!

அந்த டொமைன் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்தது டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம். ஜோஹோ முகவரிகளிலிருந்து ஃபிஷிங் மெயில்கள் வருவதாகப் புகார் என்று சொல்லி, பெயரையே நிறுத்திவைத்துவிட்டது. வந்தவை மூன்றே புகார்கள், இரண்டின் மீது உடனே நடவடிக்கை எடுத்தாயிற்று, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்பது ஜோஹோ தந்த விளக்கம். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்கும் அளவுக்கு நிலைமை போனது. பெயர் மீண்ட பிறகும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் திரும்பவில்லை. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பழைய பதிலை இன்டர்நெட் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அது அழியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிறகு ஜோஹோ தன் பெயர்ப் பதிவை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

மெயில் சேவை நடத்தும் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், சின்ன ஊரில் சொந்த டொமைன் வாங்கித் தொழில் செய்பவருக்கு?

தொப்பூரிலிருந்து ஒரு பில்

சேலம் - தருமபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் டொமைன், அதில் மெயில். லோடு இறங்கியதும் வாடகை பில் மெயிலில் பார்ட்டிக்குப் போகிறது. ஒரு மாதம் கழித்துப் பணம் கேட்டால், "பில்லே வரலையேண்ணே" என்கிறார் பார்ட்டி. அவர் பொய் சொல்லவில்லை. பில் ஸ்பாமில் கிடக்கிறது, அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. இங்கே டீசல் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆபீஸ்காரருக்கு லாரி பாஷையிலேயே விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு டொமைனுக்கும் டி.என்.எஸ் என்ற விலாசப் பதிவேடு உண்டு. அதில் 'எம்.எக்ஸ்' என்ற வரி, உங்களுக்கு வரும் லோடை எந்தக் குடோனில் இறக்க வேண்டும் என்று சொல்வது. 'எஸ்.பி.எஃப்' என்பது, 'இந்த நம்பர் வண்டிகள்தான் எங்களுடையவை' என்று எதிர்முனை வாட்ச்மேனிடம் கொடுத்துவைக்கும் பட்டியல். 'டி.கே.ஐ.எம்' என்பது கதவில் போடும் சீல். வழியில் யாராவது பிரித்திருந்தால் தெரிந்துவிடும். பட்டியலோ சீலோ உங்கள் பெயரோடு பொருந்தவில்லையென்றால் உள்ளே விடுவதா, ஓரமாக நிறுத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று வாட்ச்மேனுக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் உத்தரவு 'டிமார்க்'.

முன்பெல்லாம் வாட்ச்மேன் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கறாராகிவிட்டது. அதற்கு மெயில் அனுப்பும் டொமைனுக்கு எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரே நாளில் 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர் என்றால், டிமார்க் உட்பட மூன்றும் தேவை. யாஹூவும் அதே காலத்தில் இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

கோளாறு எங்கே?

அடிக்கடி நடப்பது இதுதான். வெப்சைட்டைப் புதுப்பிக்கிறோம் என்று ஒருவர் வந்து நேம்சர்வரை மாற்றிவிட்டுப் போவார். பழைய இடத்திலிருந்த எம்.எக்ஸ் வரிகள் புதிய இடத்துக்கு வந்திருக்காது. வெப்சைட் பளிச்சென்று திறக்கும், அதனால் எல்லாம் சரி என்றே தோன்றும். மெயில் மட்டும் வராது. அதுவும் தெரிய நாலு நாள் ஆகும், யாராவது போன் செய்து திட்டும்வரை. மாற்றத்துக்கு முன்பே டி.என்.எஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

இன்னொன்று, இரட்டை எஸ்.பி.எஃப். பில் அனுப்பப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்குவார்கள். 'இந்த வரியைச் சேருங்கள்' என்று அது சொல்லும். ஏற்கெனவே ஒரு எஸ்.பி.எஃப் வரி இருப்பதைப் பார்க்காமல் இரண்டாவதைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகிவிடும், இரண்டுமே பயன்படாது. புதிய சேவையின் பெயரைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு: அந்த வரியைப் படிக்க 10 தடவைக்கு மேல் டி.என்.எஸ்ஸில் தேட வேண்டியிருந்தால், அதுவும் பிழைதான்.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. உங்கள் ஆபீஸ் மெயிலிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால், மேலேயே மூன்று பெயர்களுக்கும் நேராக 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று இருக்கும். போன் ஆப்பில் இதைத் தேட வேண்டாம். மெயில் திரும்பி வந்தால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 5.1.1 என்றால் பெறுபவரின் முகவரியே தவறு. ஜிமெயிலிலிருந்து 5.7.26 என்று வந்தால் மேலே சொன்ன வரிகளில்தான் கோளாறு. திருத்திய பிறகு உடனே சரியாகவில்லை என்று மறுபடி மறுபடி மாற்றாதீர்கள். பழைய பதில் அழியச் சில மணி நேரம் பிடிக்கலாம்.

எல்லா வரியும் சரியாக இருந்தும் மெயில் நின்றுவிட்டால், டொமைனுக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயனாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிப் புதுப்பித்தார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எந்த முகவரிக்கு வருகிறது என்பதும் முக்கியம். அதே டொமைனின் மெயிலுக்கு வருவதாக இருந்தால், டொமைன் நின்ற பிறகு அனுப்பப்படும் கடைசி எச்சரிக்கை உங்கள் கண்ணிலேயே படாது. அங்கே தனி ஜிமெயில் ஒன்றையும் ஆபீஸ் முதலாளியின் போன் நம்பரையும் கொடுத்துவைக்கலாம். வெப்சைட் செய்துகொடுத்த பையனின் நம்பரை அல்ல.