தோற்காத அணிக்கு ஏன் கிண்ணம் இல்லை?

காலை நிகழ்ச்சியில் பாட்டு கேட்டு வரும் அழைப்புகளுக்கு நடுவே, சில நேரம் மனக்குறை ஒன்றும் வந்து சேரும். அன்று பேசியவர் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்து இளைஞர். கல்லூரிகளுக்கு இடையிலான காற்பந்துப் போட்டியில் அவருடைய அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லையாம். ஆனால் இறுதியாட்டத்துக்குப் போனவை வேறு இரண்டு அணிகள்.

“பாதியிலேயே விதியை மாத்திட்டாங்க அக்கா. இதையெல்லாம் அரசாங்கம் கேட்காதா?” என்றார்.

இதே கேள்வி ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்தில், கல்லூரிப் போட்டிகளுக்கு அங்கே பெரும் மவுசு. 1998 முதல், வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முதல் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவை மட்டுமே இறுதியாட்டத்தில் மோதும். 2008ஆம் ஆண்டுப் பருவத்தில் யூட்டா பல்கலைக்கழகம் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. பலம்வாய்ந்த அலபாமாவையே 31-17 என வீழ்த்தியது. ஆனால் இறுதியாட்ட வாய்ப்பு, தலா ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த புளோரிடாவுக்கும் ஒக்லஹோமாவுக்கும்தான் கிடைத்தது. காரணம், யூட்டா ‘பெரிய வீட்டுப் பிள்ளை’ இல்லை.

அதிபராகத் தேர்வான ஒபாமாவே இந்த முறை மாற வேண்டும் என்றார். 2009இல் மேலவை விசாரணை நடத்தியது. முறையான வெளியேற்றுச் சுற்று இல்லாத ஆட்டத்தை ‘தேசிய வெற்றியாளர்’ ஆட்டம் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என ஒரு மசோதாவும் வந்தது. அது சட்டமாகவில்லை. 2011இல் நீதித்துறை, “ஏன் வெளியேற்றுச் சுற்று இல்லை?” என்று விளக்கம் கேட்டது. மறு ஆண்டே பல்கலைக்கழகத் தலைவர்கள் இறங்கி வந்தார்கள். 2014இல் நான்கு அணிகளுக்கும், 2024இல் 12 அணிகளுக்கும் கதவு திறந்தது.

கவனியுங்கள்: யார் வெற்றியாளர் என்று அரசாங்கம் சொல்லவில்லை. ‘ஏன்’ என்று மட்டுமே கேட்டது.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? 2023 நவம்பரில் இலங்கையின் விளையாட்டுத் துறை அமைச்சர் கிரிக்கெட் வாரியத்தையே கலைத்தார். அரசாங்கத் தலையீடு என்று கூறி, அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் இலங்கையை இடைநீக்கம் செய்தது. அங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் சண்டையில் சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் இளம் பிள்ளைகள்.

நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். அரசாங்கம் ஏற்கெனவே திடலின் ஓரத்தில்தான் நிற்கிறது. அது திடலுக்குள் இறங்கி விசில் ஊத வேண்டாம். சிந்தோக்கின் வட மலேசியப் பல்கலைக்கழகமோ பீடோங்கின் எய்ம்ஸ்ட்டோ, எங்கள் பிள்ளைகள் எங்கே ஆடினாலும் மூன்று விஷயங்களை மட்டும் உறுதி செய்தால் போதும். போட்டி தொடங்கும் முன்பே விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். பாதியில் அவற்றை மாற்றக் கூடாது. மேல்முறையீட்டை ஏற்பாட்டாளர் அல்லாதவர்கள் விசாரிக்க வேண்டும்.

இது வெறும் கிண்ண ஆசை இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பு உண்டு. திடலில் வாங்கும் சான்றிதழுக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் வளர்க்கிறோம். அந்தத் திடலிலேயே நியாயம் இல்லையென்றால், தோட்டத்துப் பிள்ளை எதை நம்பிப் பயிற்சிக்கு வரும்?

“விதிப் புத்தகத்தின் பிரதியைக் கேட்டு, முதலில் ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்க தம்பி,” என்றேன் அந்த இளைஞரிடம்.

“அப்படி ஒரு புத்தகமே இல்லையே அக்கா!” என்றார்.

அரசாங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.