31 வயதில் ஒரு கடற்படைத் தளபதி

முப்பதைத் தாண்டிய மகனிடம் கடைச் சாவியைக் கொடுக்கவே நம்மில் பல வாப்பாமார் யோசிப்பார்கள். "அவனுக்கு இன்னும் பொறுப்பு வரவில்லை" என்பார்கள். உம்மாமாரும் ஆமோதிப்பார்கள். ஆனால், ஒரு நாடு தன் கடற்படை முழுவதையுமே 31 வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்த வரலாறு உங்களுக்குத் தெரியுமா, சகோதரிகளே?

அந்த நாடு மலேசியா. அந்த இளைஞர் கே. தனபாலசிங்கம், ஒரு தமிழர்.

மலாயா 1957 ஓகஸ்ட் 31இல் சுதந்திரம் பெற்றது. ஆனால் கொடி மாறியதும் எல்லாம் கைக்கு வந்துவிடவில்லை. கடற்படைக்குத் தலைமை தாங்க அனுபவமுள்ள உள்நாட்டு அதிகாரிகள் இருக்கவில்லை. ஆகவே, முதலில் பிரித்தானிய அதிகாரிகளும் பின்னர் அவுஸ்திரேலிய அதிகாரிகளும் அப்பதவியை வகித்தார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

சுதந்திரத்துக்கு முன்னரே படையில் சேர்ந்து, பிரித்தானியாவின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர் தனபாலசிங்கம். 1967 டிசெம்பரில், துங்கு அப்துல் ரஹ்மானின் அரசாங்கம் அவரைத் தளபதியாக நியமித்தது. மலேசியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அவர் ஏற்றது சுலபமான பொறுப்பா? எண்ணிப் பாருங்கள். 1965இல் சிங்கப்பூர் தனிநாடாகப் பிரிந்துவிட்டது. மலேசியக் கடற்படையின் பிரதான தளமோ சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. வீட்டுச் சாமான்களெல்லாம் அடுத்த வீட்டில் இருப்பது போன்ற நிலைமை! மறுபுறம், மலாயாத் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் இடையே பரந்த தென்சீனக் கடல். கரையோரக் காவலுக்கென அமைந்த சிறு படகுகள் அதற்குப் போதுமா? அவரது காலத்தில்தான் பிரான்சில் கட்டப்பட்ட ஏவுகணைப் படகுகள் வந்து சேர்ந்தன. கரையோரப் படை ஆழ்கடலை நோக்கி வளரத் தொடங்கியது.

இதைவிடப் பெரிய சோதனை 1969இல் வந்தது. அவ்வாண்டு மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அயலவர் அயலவரைச் சந்தேகித்த நாட்கள் அவை. ஆயினும், மலாய் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டின் கடற்படைக்கு, சிறுபான்மைத் தமிழர் ஒருவரே மேலும் ஏழு ஆண்டுகள் தலைமை தாங்கினார். இனத்தைப் பார்த்து அவர் மீதான நம்பிக்கை மீளப் பெறப்படவில்லை. அவரும் அந்த நம்பிக்கைக்குப் பழுது வரவிடவில்லை.

1976இல், 40 வயதில், ரியர் அட்மிரல் தனபாலசிங்கம் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் தளபதியைத் தேடி எவரும் வெளிநாட்டுக்குப் போகவில்லை. மலேசியர் ஒருவரே பொறுப்பேற்றார்.

பொறுப்பு வந்த பிறகு பதவி கொடுப்போம் என்று காத்திருந்தால், சில வேளை இரண்டுமே வராமல் போகலாம். முறையாகப் பயிற்றுவித்து, நம்பி ஒப்படைத்தால் பொறுப்பு தானாக வளரும். நாட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் மகனுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். அடுத்த முறை "அவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்த 31 வயதுத் தளபதியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.