அதங்கோட்டாசான் இல்லாத அரங்கம்

குழித்துறைக்குப் பக்கத்தில் அதங்கோடு என்றொரு ஊர் இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசான் நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்குத் தனிப் பெருமை. பாண்டியன் அவையில் அவருக்குக் குற்றமில்லாமல் விளக்கிச் சொன்ன பிறகுதான் தொல்காப்பியமே அரங்கேறியது. நூல் எழுதினால் போதாது. ஆசான் தலையசைக்க வேண்டும்.

என் இளவயதில் அந்த ஆசான் பத்திரிகை ஆசிரியர் வடிவில் இருந்தார். கதையை முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசமிட்ட உறையில் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தபால்காரர் சைக்கிள் மணி அடிப்பார். நம் கையெழுத்திலேயே நமக்குத் திரும்பி வரும் உறை. 1988-இல் சுந்தர ராமசாமி 'காலச்சுவடு' தொடங்கியதால் நாகர்கோவில் இலக்கியத்தில் பெரிய ஊராகியிருந்தது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குழித்துறையில் இருந்த எங்களுக்கு அதுவும் எட்டாத உயரம்தான்.

வலைப்பதிவு வந்தபோது முதலில் காணாமல் போனது அந்த உறை.

உலகக் கணக்கில் வலைப்பதிவின் கதை இப்படி: 1997-இல் 'வெப்லாக்' என்ற சொல் பிறந்தது, 1999-இல் பிளாக்கர் தளம் வந்தது, 2003-இல் கூகுள் அதை வாங்கியது. தமிழில் முதல் பதிவுகள் முளைத்ததும் 2003-ஐ ஒட்டித்தான். எங்களுக்கு அது மார்த்தாண்டத்தில் மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டராக வந்து சேர்ந்தது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு கணினி, மணிக்கணக்கில் காசு.

தமிழில் ஒரு வரி எழுதுவதே அன்று ஒரு வித்தை. சென்டர் கணினியில் முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவ உரிமையாளர் விடமாட்டார். எனவே ஜெர்மனியில் இருந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் ஆக்கி வைத்திருந்த எழுத்துருமாற்றிப் பக்கம்தான் கதி. மேல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் கீழ்ப் பெட்டியில் தமிழில் அம்மா வரும். அதை வெட்டி எடுத்துப் பதிவில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்துப் பார்த்தால் விண்டோஸ் 98-இல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே கட்டங்கள். நாம் எழுதியதை நாமே படிக்க முடியாது. அமெரிக்காவிலோ அபுதாபியிலோ புதுக் கணினி வைத்திருப்பவர் படிப்பார் என்று நம்பி ஏற்றிவிட்டு இறங்கி வருவோம்.

அவர்கள் படித்தார்கள். 2004 ஆகஸ்டில் கோவைக்காரர் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். எவர் எழுதினாலும் அவருடைய செய்தியோடை வழியாகத் தலைப்பு அங்கே வந்து விழும். பெரிய எழுத்தாளரும் நானும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றோம். கடைசியாக எழுதியவர் மேலே. ஆசான் இல்லாத அரங்கம் அது. பதிவர், பின்னூட்டம், அனானி, நட்சத்திரப் பதிவர் என்று அதற்கென்றே ஒரு அகராதி உண்டாயிற்று.

ஒருமுறை எங்கள் வீட்டுக் கிணறு வறண்டதைப் பற்றி எழுதினேன். 'வெள்ளம் வற்றிப்போச்சு' என்று கை தன்போக்கில் அடித்துவிட்டது. எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். திருத்த நினைத்தேன், அதற்குள் சென்டர்காரர் நேரம் முடிந்தது என்று மேசையைத் தட்டிவிட்டார். மறுநாள் பின்னூட்டத்தில் துபாயிலிருந்து ஒருவர்: "அண்ணா, நமக்கு எந்த பக்கம்? அருமனையா, களியக்காவிளையா?" அந்த ஒரு சொல் என் முகவரியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அதை எந்த ஆசிரியரும் அச்சில் விட்டிருக்கமாட்டார்.

குரலின் கதை வேறு. உள்ளூர்க் குரல் என்பது குமரிக்குப் புதிதல்ல. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதுவரை திருவனந்தபுரத்தையும் இலங்கையையும் கேட்டு வளர்ந்த காதுகளுக்குப் பக்கத்து ஊர்க் குரல் வானொலியில் கேட்டது அதிசயம். ஆனால் அந்தக் குரலுக்கும் ஒலிப்பதிவு அறைக்கு வெளியே ஓர் அதிகாரி உண்டு. 2004-இல் 'பாட்காஸ்ட்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. தமிழில் வலையொலி என்கிறோம். தொழில்நுட்பம் என்று பார்த்தால் வலைப்பதிவின் அதே செய்தியோடைதான். எழுத்துக்குப் பதில் ஒலிக்கோப்பு அதில் மிதந்து வரும். ஆனால் டயல்-அப் தொலைபேசிக் கம்பியில் அரைமணிப் பேச்சை இறக்க முக்கால் மணிக்குமேல் ஆகும். ஆகவே எங்கள் ஊரில் வலைப்பதிவு பூத்த காலத்தில் வலையொலி வெறும் செய்தி.

அது மாறியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. டேட்டா அள்ளக் கிடைத்தது. தட்டச்சு தெரியாத மீன்காரியும் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியும் குரலாலேயே பேச முடிந்தது. அந்தக் குரலின் வலிமையை அடுத்த ஆண்டே பார்த்தோம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் திரும்பவில்லை. கரையிலிருந்த பெண்களின் அழுகையும் கேள்வியும் வாட்ஸ்அப் ஒலித்துணுக்குகளாகக் கைக்குக் கை பறந்தன. டிசம்பர் 7 அன்று கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், இரவாகியும் எழவில்லை. அந்த ரயில் மறியலைக் கைபேசிகளே நாடெங்கும் கொண்டுபோயின.

இதே கரையை 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அடித்தபோது இருந்தவை வலைப்பதிவுகள். இந்தியப் பதிவர்கள் சிலர் ஓரிரு நாளிலேயே உதவிக்கென ஒரு கூட்டுப் பதிவைத் தொடங்கி, எங்கே என்ன தேவை, யாரைத் தொடர்புகொள்வது என்று எழுதிக் குவித்தார்கள். கொஞ்சம் பேர்தான் எழுதினார்கள், அதுவும் பெரும்பாலும் கடலோரத்தார் அல்லர். ஆனால் எழுத்து என்பதால் ஊர்ப்பெயரைத் தட்டித் தேடலாம். ஒக்கியில் கடலோரத்தாரே பேசினார்கள். அந்தக் குரல்கள் எங்கே? கைபேசி மாறியபோது, நினைவகம் நிறைந்தபோது, ஒவ்வொன்றாக அழிந்தன. அன்று பேசமுடியாதவர் பலர்; இன்று பேசியது நிற்பது அரிது.

எழுத்தை விடாமல் பிடித்தவரும் இந்த மண்ணில் உண்டு. மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஜெயமோகன், 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 26 நாவல்களாகத் தன் இணையதளத்தில் தினம் ஓர் அத்தியாயம் இலவசமாக ஏற்றினார். பத்திரிகை எதுவும் தாங்காத நீளம், இணையம் தாங்கியது.

மற்ற பதிவர்களில் பலர் காணொளிக்குப் போய்விட்டார்கள். குமரித் தமிழ் இன்று கேட்கிற அளவுக்கு என்றுமே வெளியூர்க் காதில் விழுந்ததில்லை. மக்கா, லேய், சக்கை, மரச்சீனி எல்லாம் ஓடுகின்றன, பெரும்பாலும் சிரிப்புக்காக. அதே பேச்சில் ஒருவர் கிணறு வற்றிய துக்கத்தைச் சொன்னால் எத்தனை பேர் கடைசிவரை கேட்பார்கள் என்பது வேறு விஷயம். அதைக் கணக்கெடுக்க ஒரு புது ஆசான் வந்திருக்கிறார். இலக்கணம் கேட்கமாட்டார், எத்தனையாவது நொடியில் விரல் தள்ளியது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும்.

போன மழையில் குழித்துறை சப்பாத்துப் பக்கம் போனேன். எங்கள் ஊர்த் தாமிரபரணி ஆறு அந்தத் தடுப்பணைமேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் குச்சியில் கைபேசியை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். "ஆத்துல வெள்ளம் கூடியாச்சு, ஆனா நம்ம வீட்டுப் பைப்பில வெள்ளம் இல்ல கேட்டியளா" என்றான். நல்ல வாக்கியம்; நின்று கேட்டேன். பேசி முடித்ததும் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கீழே தானாக ஓடிய எழுத்து, அவன் வீட்டுக் குழாயில் பெருவெள்ளம் இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்திருந்தது.

"வெளியூர்க்காரனுக்குப் புரியாது சார், பாதியில போயிருவான்" என்றபடி திரும்பவும் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றான். இந்த முறை 'தண்ணி' என்றான்.

"மக்களே, முதல்ல எடுத்தத எனக்கு ஒண்ணு அனுப்பித் தருவியா?"

"அத அப்பவே அழிச்சாச்சே, சார்."