மைனிங் மெஷின் பூட்ட முன் கரன்ட் பில்லைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்த கையோடு ஒரு தம்பி எனது கம்பியூட்டர் கடைக்கு வந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்பவர். கையிலிருந்த தாளில் நான்கு கிராபிக்ஸ் கார்ட், மதர்போட், பவர் சப்ளை என்று பட்டியல் இருந்தது. "காக்கா, கொறஞ்ச செலவுல ஒரு மைனிங் மெஷின் பூட்டித் தாங்க. ஆறு மாசத்துல போட்ட காசு வந்துரும்" என்றார். காசு ஏது என்று கேட்டேன். உம்மாவின் காப்பை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

பூட்டிக் கொடுத்தால் கூலி எனக்குத்தான். ஆனாலும் அன்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. கல்குலேட்டரை எடுத்தேன். இதே கேள்வியோடு பல ஊர்களிலும் இளைஞர்கள் இருப்பதால், அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன்.

மைனிங் என்பது என்ன?

பிட்கொயினுக்கு வங்கி இல்லை. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பதிவேட்டை உலகெங்கும் உள்ள கம்பியூட்டர்கள் சேர்ந்து பேணுகின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பக்கம் சேரும். குறிப்பிட்ட ஓர் எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கே அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் உரிமை கிடைக்கும். அந்த எண்ணைச் சூத்திரம் போட்டு எடுக்க முடியாது. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்குப் புதிய நாணயங்கள் பரிசு. 2024 ஏப்ரல் முதல் இந்தப் பரிசு 3.125 பிட்கொயின். ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒருமுறை இது பாதியாகக் குறையும்.

ஆக, உலகம் முழுவதற்கும் ஒரு நாளில் கிடைப்பது சுமார் 450 பிட்கொயின்தான். எத்தனை பேர் புதிதாக மெஷின் வாங்கினாலும் இந்தத் தொகை கூடாது. பங்கு கேட்போர்தான் கூடுவார்கள்.

பூட்டுவது கஷ்டமில்லை

தம்பியின் பட்டியலில் பெரிய பிழை இருக்கவில்லை. இந்த வேலைக்கு விலை கூடிய புரொசஸர் தேவையில்லை. 8 ஜிபி ரெம், சிறிய எஸ்.எஸ்.டி போதும். காசு போக வேண்டிய இடங்கள் இரண்டு: கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இரவு பகலாக ஓடும் மெஷினுக்கு 1,000 வோட் பவர் சப்ளை போட்டால், 800 வோட்டுக்கு மேல் இழுக்க விடாமல் இருப்பது பாதுகாப்பு.

பலர் விடும் ஆபத்தான பிழை ஒன்று உண்டு. கார்ட்களை மதர்போட்டுடன் இணைக்கும் ரைசருக்கு சாட்டா வயரில் மின்சாரம் கொடுப்பார்கள். அந்த வயரின் முனை தாங்குவது 54 வோட். ரைசர் 75 வோட் வரை இழுக்கலாம். முனை உருகித் தீப்பிடிப்பது இப்படித்தான். வீட்டில் பிள்ளைகள் உறங்கும் நேரத்திலும் ஓடும் மெஷின் என்பதை மறக்கக் கூடாது.

பாவித்த கார்ட் வாங்குவதானால் விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு மணித்தியாலமாவது முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். மெமரி எவ்வளவு என்றும் கேளுங்கள். எதேரியம் மைனிங்குக்குத் தேவையான தரவுக் கோப்பு 2020 இறுதியில் 4 ஜிபியைத் தாண்டியபோது, அந்த அளவு மெமரி கொண்ட கார்ட்கள் அந்த வேலைக்கு உதவாமல் போயின.

கணக்கு பிழைக்கும் இடம்

தம்பி பார்த்த வீடியோக்கள் 2021ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அன்று கிராபிக்ஸ் கார்ட்டுக்கு உழைத்துக் கொடுத்தது எதேரியம். 2022 செப்டம்பர் 15ஆம் திகதி எதேரியம் மைனிங் முறையையே கைவிட்டது. அந்தக் கார்ட்கள் அனைத்தும் சிறிய நாணயங்களின் பக்கம் திரும்பின. பல கார்ட்களின் நாளாந்த வருமானம் சில பத்து அமெரிக்க சதங்களாகச் சுருங்கியது.

ஒரு கார்ட் போட்ட மெஷின் 200 வோட் இழுக்கிறது என்று வைப்போம். மாதத்துக்கு 144 யுனிட். நமது நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யுனிட்டைத் தாண்டினால் உச்ச விலை. வீட்டின் வழமையான பாவனைக்கு மேல் சேர்வதால் மெஷினின் யுனிட்கள் மேல்படியில்தான் விழும். ஒரு யுனிட் 60 ரூபா என்று வைத்தால் மாதம் 8,640 ரூபா. நாளுக்கு 30 சதம் உழைத்தால், டொலர் 300 ரூபா கணக்கில் வருமானம் 2,700 ரூபா. கார்ட்டை ஒருவர் இலவசமாகத் தந்தாலும் நட்டம்தான். நான்கு கார்ட் போட்டால் நட்டமும் நான்கு மடங்கை நெருங்கும்.

"அப்ப பிட்கொயின் மெஷின் எடுப்பமா காக்கா?" என்று கேட்டார். அதையும் பார்த்தோம். பிட்கொயினுக்கென்றே செய்த பழைய மெஷின் ஒன்று 100 டெராஹாஷ் வேகத்தில் சுமார் 3 கிலோவோட் இழுக்கும். 2025இல் முழு வலையமைப்பின் வேகம் 100 கோடி டெராஹாஷ் என்ற அளவைத் தொட்டது. அந்தக் கணக்கில் நமது பங்கு ஒரு கோடியில் ஒன்று. மாதத்துக்கு 0.00135 பிட்கொயின். ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர் என்று தாராளமாக வைத்தாலும் வருமானம் 40,500 ரூபா. கரன்ட் 2,160 யுனிட். அதே 60 ரூபா விலையில் 129,600 ரூபா. 3 கிலோவோட் என்பது ஏறத்தாழ 13 அம்பியர். வீட்டு பிளக் ஒன்றின் எல்லையே அதுதான். இரவு பகலாக அதை இழுத்தால் வயர் சூடாகும்.

கூரையில் சோலார் இருந்தால் கரன்ட் இலவசம்தானே என்பார்கள். விற்கக்கூடிய யுனிட்டை மெஷினுக்குக் கொடுத்தால் அந்தக் காசு வராமல் போகிறது. அதுவும் செலவுதான். இரவில் சோலாரும் இல்லை. நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் பூட்டானும் எத்தியோப்பியாவும் இத்தொழிலை ஈர்த்தது இதனால்தான்.

சட்டமும் மார்க்கமும்

மைனிங் உட்பட மெய்நிகர் நாணயத் திட்டம் எதையும் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2021இல் பொதுமக்களுக்கு அறிவித்தது. கடனட்டை, டெபிட் கார்ட் மூலம் இதற்குப் பணம் செலுத்தவும் அனுமதியில்லை என்றது. ஏமாற்றப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு ஏதும் இல்லை என்பதே இதன் பொருள். "மெஷின் எங்களிடம் இருக்கு, நீங்க காசு போட்டா மட்டும் போதும்" என்று வட்ஸ்அப்பில் வருபவர்களிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருப்பதை மட்டும் அறிவேன். எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்கொயின் வியாபாரம் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் கிரிப்டோவை நாணயமாகப் பாவிப்பது ஹராம் என்றது. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ, பதிவுபெற்ற சந்தைகளில் டிஜிட்டல் சொத்துக்களை வாங்கி விற்க 2020இல் அனுமதித்தது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் வட்டிக்கு நகையை அடகு வைப்பதில் இந்த அளவு கருத்து வேறுபாடு இல்லை. ஹலாலா என்ற சந்தேகம் உள்ள வருமானத்துக்காக, சந்தேகமே இல்லாத வட்டிக்குள் இறங்குவதா என்றுதான் தம்பியிடம் கேட்டேன்.

ஆசை இருந்தால் என்ன செய்யலாம்?

தொழில்நுட்பத்தைக் கற்கும் ஆசையை நான் தடுக்கவில்லை. ஏற்கனவே நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கம்பியூட்டரில் ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். பிளக்கில் ஒரு வோட் மீட்டர் போட்டு எத்தனை யுனிட் போனது என்று எழுதுங்கள். பக்கத்தில் வருமானத்தை எழுதுங்கள். புதிதாகவே பூட்டுவதானால், ஒரே ஒரு கார்ட்டுடன் வீடியோ எடிட்டிங், டிசைனிங் வேலைக்கும் உதவும் கம்பியூட்டராகப் பூட்டுங்கள். மைனிங் கைவிட்டாலும் அது உழைத்துத் தரும். கடன் வேண்டாம், அடகு வேண்டாம், பிறர் அமானிதமாகத் தந்த காசு வேண்டவே வேண்டாம்.

தம்பி மச்சானின் கம்பியூட்டரில் ஒரு கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொப்பியோடு வந்தார். கரன்ட் செலவில் பாதிகூட வரவில்லை. காப்பு உம்மாவின் கையிலேயே இருக்கிறது.

நமது பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.