வண்டியின் அடிவயிற்றில் துரு

உங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறதா? மொபெட்டோ, மோட்டார் சைக்கிளோ, டிராக்டரின் டிரெய்லரோ, ‘குட்டியானை’ என்று ஊரார் செல்லமாக அழைக்கும் சிறு சுமை வண்டியோ, எதுவானாலும் சரி. அதன் மேற்பாகத்தை அடிக்கடி துடைக்கிறீர்கள். ஆயுத பூசையன்று சந்தனம், குங்குமம் இட்டு மாலையும் போடுகிறீர்கள். அதன் அடிப்பாகத்தை என்றைக்காவது குனிந்து பார்த்ததுண்டா?

செஞ்சிக்கு அருகில் மேல்சித்தாமூர் என்ற ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கின்றன. அதே ஊர்த் தெருவில் நிற்கும் ஓர் இரும்பு டிரெய்லருக்கு அத்தனை ஆயுள் கிடையாது. கவனிக்காமல் விட்டால் சில மழைக்காலங்களிலேயே அதன் தளம் பொத்தலாகிவிடும். கல்லுக்கு இல்லாத ஒரு பசி இரும்புக்கு உண்டு. அது ஆக்சிஜன் மீதுள்ள பசி. சுரங்கத்திலிருந்து வரும் இரும்புத்தாது பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்த நிலையில்தான் கிடைக்கிறது. உலையில் வெப்பத்தைச் செலவிட்டு அந்த ஆக்சிஜனைப் பிரிக்கிறோம். பிரிந்த இரும்பு மறுபடியும் அதனுடன் சேரத்தான் பார்க்கிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் ஈரம்.

ஈரத்துக்குப் பஞ்சமில்லாத நாட்களும் இப்பகுதிக்கு வருவதுண்டு. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மேல்சித்தாமூரிலிருந்து அதிகத் தூரமில்லாத மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆனால் வண்டியின் சட்டங்களுக்குள் புகுந்த சேறு வடிவதில்லை. உண்மையான சேதம் அதன் பிறகே தொடங்குகிறது.

“தண்ணீர் பட்டால் துருப் பிடிக்கும், அவ்வளவுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் வண்டியின் மேற்புறம்தான் முதலில் துருப்பிடிக்க வேண்டும். மழை நேராக விழுவது அங்கேதானே? இந்தப் புதிரை விடுவிக்க ஓர் எளிய சோதனை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் துருவைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் என்பவர் செய்து காட்டிய சோதனை இது. ஆசிரியரின் உதவியோடு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லி லிட்டர் தண்ணீரில் 3 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். அதில் பினாப்தலீன் சில துளிகளும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசல் சில துளிகளும் சேருங்கள். (இந்தக் கரைசலைச் சூடாக்கவோ, அமிலத்துடன் கலக்கவோ கூடாது.) இதில் ஒரு பெரிய சொட்டைத் தகட்டின்மேல் விட்டுக் காத்திருங்கள். முதலில் நீலமும் இளஞ்சிவப்புமாக ஆங்காங்கே புள்ளிகள் தோன்றும். சிறிது நேரத்தில் அவை ஒழுங்குக்கு வந்துவிடும். சொட்டின் நடுவே நீலம், ஓரத்தில் சுற்றிலும் இளஞ்சிவப்பு. இன்னும் காத்திருந்தால் இரண்டுக்கும் இடையே பழுப்பு நிற வளையம் ஒன்று உருவாகும். அதுதான் துரு.

இந்த நிறங்கள் என்ன சொல்கின்றன? நீலம் தோன்றும் இடத்தில் இரும்பு கரைகிறது. அதாவது, இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களைக் கைவிட்டு அயனிகளாகத் தண்ணீருக்குள் போகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைந்து வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. அங்கே காரத்தன்மை உண்டாவதால் பினாப்தலீன் சிவக்கிறது. சுருங்கச் சொன்னால், ஒரு சொட்டு உப்புநீருக்குள் ஒரு சிறு மின்கலமே இயங்குகிறது!

இதில் வியப்பு என்னவென்றால், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் ஓரத்தில் இரும்பு கரையவில்லை. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில்தான் கரைகிறது. இப்பொழுது சொட்டுக்குப் பதிலாக, மட்கார்டின் உட்புறம் அப்பியிருக்கும் ஈரச்சேற்றை நினைத்துப் பாருங்கள். சேற்றின் விளிம்புக்குக் காற்று எட்டுகிறது, அடியில் எட்டுவதில்லை. ஆகவே சேற்றுக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரும்பு அரிக்கப்படுகிறது. மேற்புறத்தில் விழுந்த மழைநீர் வெயிலில் காய்ந்துவிடும். அடிப்புறத்துச் சேறு நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புதிர் விடுபட்டதல்லவா?

சோதனையில் உப்பு ஏன் சேர்த்தோம்? உப்பு கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால் துரு வேலை விரைகிறது. உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்போடு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதுதான் காரணம். மழையே இல்லாவிட்டாலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்துகொண்டிருக்கும் என்பது இதன் பொருள். மேல்சித்தாமூரில் கடல் இல்லையே என்று எண்ண வேண்டாம். அதே விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே உப்பு ஏற்றும் வண்டிக்கு இந்தத் தொல்லை நிச்சயம். வயலுக்குப் பொட்டாஷ் உரம் ஏற்றிச் செல்லும் டிரெய்லரும் தப்பாது. அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். பனிநாடுகளில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அங்கே கார்களின் அடிப்பாகம் துருவால் அழிவது பெரிய பிரச்சினை.

நம் மாநிலத்தில் இரும்புக்குக் கடுமையான சோதனைக்களம் பாம்பன் கடல்தான். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்திருக்கிறார்கள். எஃகுப் பகுதிகளுக்குத் தனிவகைப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அதே கடலோரத்தில் மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரின் சோதனை இடம் ஒன்று உண்டு. 1953இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட நிலையம் அது. உலோகத் தகடுகளை எடைபோட்டு, கடற்காற்றில் நிறுத்திவைத்து, துருவை நீக்கி மறுபடியும் எடைபோட்டு, எவ்வளவு உலோகம் போயிற்று என்று கணக்கிடுவார்கள். இந்த முறையை மறந்துவிடாதீர்கள். பிறகு நமக்குத் தேவைப்படும்.

சரி, வீட்டு வண்டிக்கு என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது இதுதான்: மழைக்காலத்துக்கு முன் கடையில் கறுப்புத் தார்ப் பூச்சு வாங்கி, அடிப்பாகத்தில் இருக்கும் சேற்றின்மேலும் துருவின்மேலும் கனமாக அப்பிவிடுவார்கள். பார்வைக்குப் புதியது போலிருக்கும். என் கருத்தில் இதைவிடச் சும்மா இருப்பது மேல். பூச்சுக்கு அடியில் ஈரமும் உப்பும் சிறைப்படுகின்றன. எவன்ஸின் சொட்டுக்கு மூடி போட்ட கதைதான். உள்ளே உண்டாகும் துரு, அழிந்த இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பூச்சு உப்பிப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் மீண்டும் தண்ணீர் புகுகிறது. வெளியே கறுப்பாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதுமில்லை.

ஆகையால் வேலையின் முக்கால் பங்கு பூசுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முதலில் கழுவுதல். பம்ப்செட் தண்ணீரின் வேகம் இதற்கு மிக ஏற்றது. சட்டங்களின் மூலைகளையும், மட்கார்டின் மடிப்புகளையும் குச்சியால் சுரண்டிக் கழுவுங்கள். உங்கள் கிணற்று நீர் உவர்நீராக இருந்தால் கடைசியாக ஒரு முறை நல்ல நீரால் அலசிவிடுங்கள். கதவுகளின் அடியிலும் பெட்டிச் சட்டங்களிலும் சிறு துளைகள் இருக்கும். அவை உள்ளே புகுந்த நீர் வடிவதற்கு என்றே விடப்பட்டவை. அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், எந்தப் பூச்சும் இல்லாமல் இந்த ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் செய்தாலே வண்டியின் ஆயுள் கூடும். பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கும் அடியில் நுழையாதீர்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்குத் துணியும் அவசியம்.

காய்ந்த பின் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேயுங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு நன்றாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தாலோ, உதிர்ந்தாலோ, அங்கே பூச்சால் பயனில்லை. வெல்டிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும். பிரேக் குழாயில் அத்தகைய துரு தெரிந்தால் அதை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே கூடாது.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளில் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குத் ‘துரு மாற்றி’ என்னும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. அதில் பாஸ்பாரிக் அமிலமோ, டானிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் டில்லி இரும்புத்தூண் துருவால் அழியாததற்கும் அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ்தான் முக்கிய காரணம் என்று கண்டிருக்கிறார்கள். பின்னது நமக்கு இன்னும் பழக்கமான சங்கதி. அக்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயில் டானின் உண்டு. அன்னபேதி இரும்பு சல்பேட். இரண்டும் சேர்ந்து கருநீலப் பொருளாகின்றன. துரு மாற்றி பூசிய இடம் கறுப்பதும் ஏறக்குறைய அதே வினைதான்.

அடுத்து முதற்பூச்சு. ‘ரெட் ஆக்சைடு’ எல்லா ஊர்ப் பெயிண்ட் கடையிலும் உண்டு. அதன் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான். துருவைத் தடுக்கத் துருவின் உறவினரையே காவலுக்கு வைக்கிறோம்! துத்தநாகத் தூள் நிறைந்த பூச்சு இதைவிட உயர்ந்தது. இரும்பைவிடத் துத்தநாகம் விரைவாக எலெக்ட்ரான்களைத் தருவதால், தான் அழிந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது பளபளப்பான வெற்று இரும்பைத் தொட்டால்தான் எலெக்ட்ரான் ஓட வழியுண்டு. துரு மாற்றியின்மேல் அதைப் பூசினால் காசு வீண். முதற்பூச்சு காய்ந்தபின் அடிப்பாகத்துக்கு உரிய மேற்பூச்சை, கனமாக ஒரு தடவை அல்லாமல், மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்குப் பிரஷ் எட்டாது. அங்கே மெழுகு கலந்த திரவத்தைக் குழாய் வைத்துத் தெளிக்க வேண்டும். சைலன்சர், பிரேக் பாகங்கள், ரப்பர் புஷ்கள், வடிகால் துளைகள் ஆகியவற்றின்மேல் எதுவும் படக்கூடாது. சைலன்சர் சூட்டில் பூச்சு புகைந்து தீப்பற்றவும் கூடும்.

இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடிப்பது கிராமங்களில் பரவலான வழக்கம். எண்ணெய் நீரை விலக்கும் என்ற எண்ணம் சரியானதே. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டவர்கள் நம் முன்னோர். ஆனால் பழைய இஞ்சின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. அது ரப்பரை ஊதவைக்கும். மண்ணில் சொட்டி ஊறி நிலத்தடி நீரையும் கெடுக்கும். குடிக்கும் தண்ணீரை விலையாகக் கொடுத்து ஒரு டிரெய்லரைக் காப்பாற்றுவது எந்தக் கணக்கில் சேரும்?

எந்தப் பூச்சு உங்கள் ஊருக்கு ஏற்றது என்பதை நீங்களே கண்டறியலாம். மண்டபத்துத் தகடுகள் நினைவிருக்கிறதா? ஒரே இரும்புத் தகட்டிலிருந்து ஒரே அளவில் நான்கு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கிலும் எண் பொறித்து, நன்றாகத் தேய்த்து, பள்ளித் தராசில் எடை பாருங்கள். முதலாவது வெறுந்தகடு. இரண்டாவதைச் சுத்தமாகவே வைத்து ரெட் ஆக்சைடும் மேற்பூச்சும் கொடுங்கள். மூன்றாவதன்மேல் உப்பு கலந்த சேற்றைத் தடவி, அரைகுறையாகக் காய்ந்ததும் கறுப்புப் பூச்சு அடியுங்கள். நான்காவதற்கு மெழுகுப் பூச்சு. டிரெய்லரின் அடியில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். வண்டியின் இரும்பை அவை தொடக்கூடாது. ஐப்பசியில் கட்டித் தை பிறந்ததும் அவிழ்க்கலாம். பூச்சையும் துருவையும் நீக்கிவிட்டு மறுபடியும் எடைபோடுங்கள். மூன்றாவது தகட்டின் பூச்சை உரிக்கும்போது, அதன் அடிப்பகுதியை எவன்ஸின் சொட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.