இரு தடவை வந்த அரை மணித்தியாலம்

2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30 ஆனதும் இலங்கையின் கடிகாரங்கள் மீண்டும் 12.00க்குத் திருப்பப்பட்டன. கிரீன்விச் நேரத்தை விட 6 மணித்தியாலம் முந்தியிருந்த நாடு, பழைய ஐந்தரைக்கே திரும்பியது. ஆகவே அந்த அரை மணித்தியாலம் இரு தடவை வந்தது.

அன்றிரவு இரட்டைச் சகோதரிகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மூத்தவள் 12.25க்கு, பத்து நிமிடம் கழித்து இளையவள். ஆனால் அப்போது கடிகாரத்தில் 12.05! பைதனில் கழித்துப் பார்த்தேன். தங்கை இருபது நிமிடம் மூத்தவளாகிவிட்டாள். 'ஏசியா/கொழும்பு' என நேர வலயத்தைக் குறிப்பிட்டும் விடை மாறவில்லை. ஒரே வலயத்தின் இரு நேரங்களைக் கழிக்கும்போது பைதன் கடிகாரம் காட்டும் எண்களை மட்டுமே பார்க்கிறது.

இளையவளின் நேரத்துக்கு 'ஃபோல்ட்' பெறுமானத்தை 1 எனக் கொடுத்தால், அது இரண்டாவது தடவை வந்த 12.05 என்று விளங்கும். அதுவும் தனியே போதாது. இரண்டையும் யூ.டீ.சீ. நேரத்துக்கு மாற்றினேன்: ஏப்ரல் 14, 18.25, 18.35. இப்போது வித்தியாசம் பத்தே நிமிடம்.

பிறப்புப் பதிவுக்கு ஒரு தரவுத்தளம் அமைத்தால் நான் யூ.டீ.சீ. நேரத்தைத்தான் சேமிப்பேன். கொழும்பு நேரம் திரையில் காட்டும்போது வந்தால் போதும்.