டிசைன் குழுவுக்கு ஆள் பிடிக்கும் நோட்டீஸ்

காலேஜ் திறந்ததும் மாணவர் டிசைன் குழுக்கள் கொடுக்கிற நோட்டீஸ்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே டிசைன் தெரிந்தவர்களிடம்தான் அவை பேசும். ஒல்லியான எழுத்து, நாலு கலர், 'கிரியேட்டிவ் மைண்ட்ஸ் வான்டட்' என்று ஒரு வரி. வரையத் தெரியாத, லேப்டாப் இல்லாத முதலாண்டுப் பையன் 'இது நமக்கில்லப்பா' என்று மடித்து வைத்துவிடுவான். ஆனால் குழுவுக்கு வாசகம் எழுத, போட்டோ எடுக்க, அச்சகத்துக்கு அலையவும் ஆள் வேண்டுமே!

அதனால் படத்தைவிட முதலில் வாசகம். 'வரையத் தெரிய வேண்டாம். லேப்டாப் வேண்டாம். புதன் மாலை 4.30, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு வாங்க.' இதைத்தான் பெரிதாகப் போட வேண்டும். குழுவின் லோகோ மூலையில் சின்னதாக இருந்தால் போதும் (லோகோ வரைந்தவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை).

செலவுக்கு ஒரு வழி: ஏ4 தாளை நாலாக வெட்டினால் ஏ6, அதாவது 105 x 148 மி.மீ. 100 தாளில் 400 நோட்டீஸ். மஞ்சள் தாளில் கறுப்பு ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டாவது கலர் தாளிலேயே கிடைத்துவிடும். ஜெராக்ஸ் மெஷின் விளிம்பு வரை அச்சடிக்காது. சுற்றிலும் 5 மி.மீ. காலியாக விடுங்கள். ஆஃப்செட்டில் விளிம்பு வரை நிறம் வேண்டுமானால், வெட்டுக்காக ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்ட வேண்டும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. ஆங்கிலம் 8 பாயின்டில் தப்பிக்கும். 'ணை', 'ளு' போன்றவற்றின் சுழிகள் ஜெராக்ஸில் அடைத்துக்கொள்ளும். 10-க்குக் கீழே போகாதீர்கள். மேலே விசிறி, கீழே உகரக் குறி என்று இரண்டு பக்கமும் நீள்வதால் வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வு செய்யாவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்-ஐ ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

க்யூஆர் கோடு போடுவதானால் லிங்க்கைச் சுருக்குங்கள். லிங்க் நீள நீளக் கட்டங்கள் கூடி பொடியாகிவிடும். மங்கலான பிரதியில் போன் திணறும். 2 செ.மீ. அளவு, வெளிர் தாளில் கறுப்பு, சுற்றிலும் நாலு கட்ட அகலம் வெற்றிடம். ஸ்கேன் செய்யாதவருக்கும் இடமும் நேரமும் எழுத்தில் தெரிய வேண்டும்.

கடைசியாக, ஹாஸ்டல் கட்டுக்கு 'ஹா', பஸ் ஸ்டாப் கட்டுக்கு 'ப' என்று மூலையில் பேனாவால் குறித்துவிட்டு, முதல் கூட்டத்துக்கு நோட்டீஸோடு வரச் சொல்லுங்கள். எந்தக் கட்டிலிருந்து ஆள் வந்தது என்று எண்ணிவிடலாம்.